ஓடை இல்லாத தீவு

போன வாரம் என் வீட்டுக்காரி சீரகம் வாங்கப் போன கண்ணாடிக் கதவுக் கடைக்கு நானும் கூடப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏசி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டுச் சாமான் அடுக்கியிருந்த மூலையில் ஒரு தகர டின் கண்ணில் பட்டது. சிவப்பு லேபிள், மேலே ஒரு மீன் படம். எடுத்து ஆட்டிப் பார்த்தேன். "அதை எதுக்குத் தூக்குறீக, மதுரையில மீனா கெடைக்கல" என்றாள். வாங்கிவிட்டேன். வீட்டில் டின்னைத் திறந்ததும் வந்தது பாருங்கள் அந்த வாடை, தக்காளிச் சாறும் தகரமும் மீனும் கலந்து. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் டின்னுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

என் மருமகளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு மாசம். மருமகள் என்றால் மகனுடைய பெண்டாட்டி இல்லை, தங்கச்சி மகள். தங்கச்சி என்றால் என் தாய் வயிற்றில் பிறந்தவளும் இல்லை. அந்தக் கல்யாணத்தில் நான் தாய்மாமனாக நின்றேனா இல்லையா என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது. மீன் டின்னிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்டு போய், மூச்சு விடுவதற்குள் விளக்கு எரிந்தால், அநேகமாக அது என் ஜெனரேட்டர். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்துக்குள் என் பட்டறை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாடம் படித்ததைவிட வாத்தியார் வீட்டு மாட்டைக் குளிப்பாட்டியதுதான் அதிகம். இன்றைக்கு மூன்று மாடி வீடு, வாசலில் கார். மூத்தவன் இன்ஜினியர், என்னிடம்தான் சம்பளம் வாங்குகிறான். கிழவன் பெருமை அடிக்கிறான் என்பீர்கள். ஆமாம், அடிக்கிறேன். நான் அடிக்காவிட்டால் எனக்காக யார் அடிக்கப் போகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஊருக்குக் குறுக்கே ஓர் ஓடை. இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள், அந்தப் பக்கம் அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள். நாங்கள் அந்தப் பக்கம். எங்கள் சீமையில் புது ஆளைப் பார்த்தால் இரண்டு கேள்வி வரும். எந்த ஊர் என்பது முதல் கேள்வி. அதைச் சிரித்த முகமாகக் கேட்பார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்பது இரண்டாவது. அதை வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்கள். பதிலைக் கேட்ட பிறகுதான் குடிக்கத் தண்ணீர் எதில் வரும் என்பது முடிவாகும்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே நான் அம்புட்டு தூரம் ஓடினேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஓடினேன் என்றால் பம்பாய், துபாய் இல்லை. அங்கெல்லாம் எங்கள் சீமைக்காரன் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பான். நான் போனது பசிபிக் சமுத்திரம். மார்ஷல் தீவுகள் என்று ஒரு தேசம். அங்கே மீனை உறைய வைத்துக் கப்பலேற்றும் ஒரு கம்பெனி, அதற்கு ஜெனரேட்டர் மெக்கானிக் வேண்டுமென்று ஏஜெண்டு சொன்னான். விமானத்திலிருந்து பார்த்தால், தண்ணீரில் யாரோ அறுந்த அரைஞாண் கயிற்றை விட்டெறிந்த மாதிரி கிடந்தது ஊர். அதில்தான் இறங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கருப்பசாமியைக் கூப்பிட்டேன். கண்மாயில் தண்ணீர் நின்றாலே திருவிழா என்று வளர்ந்தவன் நான். அங்கே ஒரே ரோடு. வலது பக்கம் ஒரு கடல், இடது பக்கம் ஒரு கடல். முதல் மாசம் முழுக்க நடுரோட்டிலேயே நடந்தேன். டாக்சிக்காரர்கள் எல்லோருக்கும் நான் பழக்கமானது அப்படித்தான்.

நான் குடியிருந்த தகரக் கொட்டகை ரூத்தம்மா என்ற தீவுக்காரியுடையது. ரூத் என்பது அவர் பேர், அம்மாவைச் சேர்த்தது நான். திருமலை நாயக்கர் மகால் படம் போட்ட ஒரு காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தேன். இது என்ன என்று கேட்டார். எங்கள் வீடு என்றேன். அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய வீட்டை விட்டு என் கொட்டகைக்கு ஏன் வந்தாய் என்றார். கூட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். கடைசிவரை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாடுதான் பாடு. அரிசி உண்டு, உளுந்து கிடையாது. சுற்றிலும் கடல், ஆனாலும் ஊரே டின் மீன்தான் சாப்பிடும். வெங்காயம் கப்பலில் வரவேண்டும், வந்த அன்றைக்குக் கடையில் திருவிழாக் கூட்டம். அப்படி ஒரு நாள் வெங்காயக் குவியலைக் கிண்டிக்கொண்டிருந்தபோது எதிரே நின்ற ஆள் தனக்குத்தானே, "பூராம் அழுகலால்ல இருக்கு" என்றார். என் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்துவிட்டது. தமிழைக் காதால் கேட்டு எத்தனையோ மாசமாகியிருந்தது. அதுவும் எங்கள் சீமைத் தமிழ்.

அவர்தான் முருகேசன். தீவு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. எழுமலைக்காரர், நிலபுலம் உள்ள குடும்பம் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. எந்த ஊருண்ணே என்று கேட்டார். பேரையூர்ப் பக்கம் என்றேன். அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார். "வீட்டுக்கு வாங்கண்ணே, ஒங்க தங்கச்சி இன்னிக்குப் புளிக்குழம்பு வைக்கிறா" என்றார்.

தங்கச்சி என்றது அவர் பெண்டாட்டி செல்வியை. டின் மீனைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். புளி ஊரிலிருந்து கொண்டுவந்தது, மிளகாய்த் தூளும் அப்படியே. நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து அவளுக்கே பயம் வந்திருக்கும். சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்து, டம்ளரை நானே கழுவி, வாசற்படி ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன். ஓடைக்கு இந்தப் பக்கத்து வீட்டில் குடித்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகச் செய்யும். செல்வி வந்து அதை எடுத்தாள். உள்ளே கொண்டுபோய்த் தன் டம்ளர்களோடு வைத்தாள். அடுத்த வாரமும் கழுவப் போனேன், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மூன்றாவது வாரம் நான் குடித்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருக்கும். மூன்று மாடி கட்டினபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் மூன்று பேரும் ரூத்தம்மா வீட்டுப் பின்பக்கம், கடலைப் பார்த்து நின்ற ஈரப்பலா மரத்தடியில் பாய் விரித்துக் கிடப்போம். அதன் காயை வாழைக்காய் மாதிரி சீவி வறுப்பாள் செல்வி. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. எனக்கு அண்ணன் தம்பிகள் உண்டு, அக்கா தங்கச்சி இல்லை. ஒரு தீபாவளிக்கு அவளுக்குச் சீனாக்காரர் கடையில் பூப்போட்ட துணி வாங்கிக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக் கதவத் தட்டிச் சீரு கொண்டாந்த மொத ஆளு நீங்கதாண்ணே" என்றாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சர்ட்டிபிகேட்டில் பவித்ரா. அந்தத் தீவே பவளப்பாறை என்று சொன்னார்கள், அதனால் நான் பவளம் என்று கூப்பிட்டேன். தீவுக்காரர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்த நாள்தான் கல்யாணத்தை விடப் பெரிய விசேஷம். கெமெம் என்பார்கள், ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். எப்போது கெமெம், எப்போது கெமெம் என்று ரூத்தம்மா நச்சரித்தார். அதே நாளில் மொட்டை போட்டுக் காது குத்திவிடுவது என்று செல்வி முடிவு செய்தாள். குழந்தையை யார் மடியில் உட்கார வைப்பாய் என்று ரூத்தம்மா கேட்டார். அங்கே நிலம் தாய் வழியாகத்தான் போகும், அதனால் நம்மைப் போல அங்கேயும் தாயோடு பிறந்தவனுக்கு அப்படி ஒரு மரியாதை.

"அண்ணே, பாப்பாவ நீங்கதான் மடியில வச்சுக்கணும்" என்றாள் செல்வி, வறுவலைக் கிளறிக்கொண்டே.

ஏமாற்றி வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். "ஆத்தா, எங்க ஊர்ல நான் ஓடைக்கு அந்தப் பக்கம். தெரிஞ்சுக்கிட்டுப் பேசு."

அவள் திரும்பவே இல்லை. "மொத நாளு டம்ளரக் கழுவிக் கவுத்துனீகளே, அப்பவே தெரியும்" என்றாள். வறுவலை வடித்துக்கொண்டே, "இங்க ஏதுண்ணே ஓடை. சுத்திக் கடலுல்ல கெடக்கு" என்றாள்.

முருகேசன் பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஒங்களுக்குப் பிரியமில்லைன்னா சொல்லிருங்க மச்சான்" என்றார். அதுவரை அவருக்கு நான் அண்ணே. அன்றைக்குத்தான் மச்சான் ஆனேன்.

தாய்மாமன் என்றால் காதுக்குத் தங்கம் கொண்டு போக வேண்டுமே. அந்தத் தீவில் ஆசாரிக்கு எங்கே போவது. என் விரலில் ஒரு மோதிரம் கிடந்தது, ஊரிலிருந்து பகட்டுக்குப் போட்டுக்கொண்டு போனது. கம்பெனியில் வெல்டிங் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரனிடம் கொடுத்தேன். அவன் அதை வெட்டி, நீட்டி, அரத்தால் ராவி, இரண்டு சின்ன வளையம் செய்துவிட்டான். ஈரப்பலா மரத்தடியில் நான் சம்மணம் போட்டு உட்கார, பவளத்தை மடியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி காது குத்தினாள். குழந்தை வீறிட்டு என் சட்டையெல்லாம் நனைத்துவிட்டது. ரூத்தம்மா பூவால் கட்டின வளையம் ஒன்றை என் தலையில் கிரீடம் மாதிரி வைத்தார், குழந்தையின் மொட்டைத் தலையிலும் ஒன்று. ஊரே பாடியது. பன்றியும் கோழியுமாக விருந்து. எங்கள் ஊரில் பார்த்திராத மரியாதை எனக்கு அன்றைக்கு நடந்தது. நான் யாரென்று தெரிந்தே நடந்தது, அதுதான் விசேஷம்.

பவளம் முதலில் பேசிய வார்த்தை மாமா. அம்மா என்றுதான் சொன்னாள் என்று செல்வி சாதிப்பாள். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

அவர்கள் முதலில் ஊர் திரும்பினார்கள். ரெண்டு வருஷம் கழித்து நானும் வந்து, கையிலிருந்ததை வைத்துச் செல்லூரில் பட்டறை போட்டேன். போனில் செல்வி, வீட்டுக்கு வாங்கண்ணே என்பாள். எந்தக் கிழமை என்று சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். பவளம் பெரியவளானபோது, சிம்பிளா வீட்டோட முடிச்சுட்டோம்ணே என்றாள். சரி என்று நம்பினேன். உசிலம்பட்டியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவர் என்னிடம் ரிப்பேருக்கு வருவார். எழுமலையில் ஒரு சடங்கு, பந்தலே தெரு நீளம் என்று அந்த மாதமே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். யார் வீடு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, முருகேசன் பேரைச் சொன்னார். அவர் கேட்ட ஸ்பேனருக்குப் பதில் வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனாலும் மனுஷ மனசு. கல்யாணத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று இருந்தேன். அதே மாதிரி செல்வியே போன் செய்தாள். "பாப்பாவுக்குக் கல்யாணம்ணே. நீங்க இல்லாமயா" என்றாள். போனை வைத்ததும் நேராகப் போய்ப் பட்டுச்சேலை எடுத்தேன். மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் போடுகிற மாலைக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சொல்லி வைத்தேன். ரோஜாவும் மரிக்கொழுந்தும், ஆள் உயரத்துக்கு. என் வீட்டுக்காரி அந்தச் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் முருகேசன் பத்திரிகையோடு பட்டறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், நின்றார். டீ வரவழைத்தேன், இப்பத்தான் குடிச்சேன் என்றார். டீ ஆடை கட்டுகிற வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. செல்விக்குச் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். அவன்தான் மாலை போடுறான். மாப்ள வீட்டுல கொஞ்சம் பழைய ஆளுக. மண்டபத்துல யாரும் கேட்டா, வெளிநாட்டுல ஒண்ணா வேலை பாத்தவுகன்னு மட்டும் சொல்லிக்கங்க."

அந்தச் சித்தப்பா மகனோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று ஈரப்பலா மரத்தடியில் செல்வி அழுதது எனக்கு நினைவு இருந்தது. ஆனால் எனக்கு வலித்தது அது இல்லை. மச்சான் என்று வந்த மனுஷன் அண்ணே என்று ஆரம்பித்தாரே, அது. "செல்விக்குத் தெரியுமா" என்று கேட்டேன். "அவதான் அனுப்புனா" என்றார்.

போனேன். மாலையையும் காரில் எடுத்துக்கொண்டு போனேன். கடைசி நேரத்தில் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டால் வெறுங்கையோடு ஏற முடியுமா. நடு வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எழுமலைக்காரர், சிரித்த முகமாகக் கேட்டார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"பேரையூர்ப் பக்கம்ங்க."

"பேரையூர்ப் பக்கம்னா..." என்று இழுத்துக்கொண்டே அவர் முகத்தை மேடைப் பக்கம் திருப்பினார். இத்தனை வருஷம் கழித்தும் அதே இரண்டாவது கேள்வி.

அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் அந்த வழியாக வந்தார். "என்ன ஜெனரேட்டர் அண்ணே, நீங்களே வந்துட்டீக. ஆளு அனுப்பிருக்கலாமுல்ல." பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அட, ஜெனரேட்டர்காரரா. முகூர்த்த நேரத்துல கரண்டு போயிராமப் பாத்துக்கங்கப்பா" என்று என் தொடையில் தட்டினார். முன் வரிசையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற முருகேசன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். சரி, அதையாவது கொடுப்போம் என்று எழுந்தேன். "ஒரு தடவ பாத்துட்டு வந்திர்றேன்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கூடத்தை ஒட்டி, என் ஜெனரேட்டர் நின்றது. அதற்கு ஒரு குறையும் இல்லை. என் கை பட்டது எதற்கும் குறை வராது. கெட்டிமேளம் கேட்டபோது நான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கரண்டும் போகவில்லை.

அப்புறம் மற்றவர்களோடு வரிசையில் நின்று மேடை ஏறினேன். சேலைப் பையைக் கொடுத்தேன். பவளம் அழகாக இருந்தாள், காது நிறைய ஜிமிக்கி. என் மோதிரத்து வளையம் எங்கே என்று அந்த இடத்திலா கேட்பது. "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். மாப்பிள்ளையிடம், அப்பாகூட ஃபாரின்ல வேலை பாத்தவரு என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்ட்டுப் போங்கண்ணே" என்றாள். மேடைக்குக் கீழே பந்தி விசாரித்துக்கொண்டிருந்த சமையல்காரரையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

காரிலிருந்து மாலையை எடுத்து வந்து ஜெனரேட்டருக்குப் போட்டேன். வேறு என்ன செய்வது. மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வைகாசியிலயே ஆயுத பூசையா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ரூத்தம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. அவர் மகன் எப்போதாவது போனில் படம் அனுப்புவான். கடல் ரோட்டுக்கு மேலே வந்து போகிறது, சில வீடுகளில் அடுப்படி வரைக்கும். கடைசியாக அனுப்பியதில் கொட்டகையும் இல்லை, ஈரப்பலா மரமும் இல்லை. அது நின்ற இடத்தில் அலை. என்னை மடி விரித்து உட்கார வைத்த மண் உலகத்திலேயே அந்த ஒரு கை அகலம்தான், அதையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. ஊர் ஓடையையும் போய்ப் பார்த்தேன். அதில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது. மண் சரிந்து, குப்பை கொட்டி, மேடாகிவிட்டது. புது ஆள் பார்த்தால் ஓடை என்றே சொல்ல மாட்டான். ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அது எங்கே ஓடியது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டும்.

டின்னைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். புளி கரைத்து, செல்வி வைத்த மாதிரியே குழம்பு வைத்துப் பார்த்தேன். வரவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரி மாடியிலிருந்து இறங்கி வந்து, "இத ஏன் இங்க வச்சீக" என்று கேட்டபோதுதான் பார்த்தேன். நான் கட்டின வீட்டில், என் சொந்த டம்ளரைக் கழுவி, வாசற்படி ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தேன்.